வெள்ளிக்கிழமை வாரண்டு

"ஒருத்தர் மேல பிடிவாரண்டு வந்துட்டா என்னக்கா செய்யணும்?"

கேட்டவனை ஏற இறங்கப் பார்த்தாள் பெலிசா. இலோயிலோ நகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தலைவி அவள். ஊர் ஒலிபெருக்கியில் யாரையும் வெளுத்து வாங்குகிறவள். எதிரே நெஸ்டோர். போலீஸ்காரன், சீருடை இல்லாமல் வந்திருந்தான். வாரண்டு கொண்டுபோகிறவனே இப்படிக் கேட்கிறான் என்றால், பாவம், இவன் மேலேயே வழக்கு பாய்ந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டாள். யாருக்கு என்று கேட்டு அவன் மானத்தை வாங்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை அவள் மகளுக்குக் கல்யாணம். தென்னங்குருத்தில் பொதிந்த ஒட்டரிசிச் சோற்றை அவன்முன் வைத்தாள். அவன் தொடவில்லை.

"என்ன வழக்கு?"

"வாய்த்தகராறுதான்க்கா."

இவன் வாய் திறந்தே பார்த்ததில்லையே என்று அவளுக்கு வியப்பு.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அதைக் கவனி. ஆகாதவன் வெள்ளி சாயங்காலமாப் பாத்துத்தான் பிடிக்கச் சொல்லுவான். கோர்ட்டு மூடிடும், ஜாமீன் கிடைக்காது. திங்கள் வரைக்கும் லாக்கப்புல கொசுக்கடிதான்."

"புகார் குடுத்தவரு இன்னிக்கே பிடிங்கன்னு ஸ்டேஷன்ல குந்தியிருக்காரு."

"ஈவிரக்கம் இல்லாத பய. அதுக்காக ஓடி ஒளியக் கூடாது, சின்ன வழக்கும் பெரிசாயிடும். வாரண்டுக்கு எத்தனை நாள் தவணை?"

"பத்து நாள். இன்னிக்குத்தான் வந்துச்சு."

"அப்புறமென்ன? திங்கள் காலையில கோர்ட்டு திறக்கும்போதே வக்கீலோட போய் நிக்கணும். ஜாமீன் கட்டிட்டு மதியச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துடலாம்."

எந்த வக்கீல், என்னென்ன காகிதம் என்று விவரமாகச் சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

"பிடிக்கப் போற போலீஸ் அதுவரைக்கும் பொறுக்கலாமாக்கா?"

"பத்து நாள் கையில இருக்கயில இன்னிக்கே பிடின்னு சட்டமா சொல்லுது? மனுஷனா இருந்தா ரெண்டு நாள் பொறுப்பான்."

நெஸ்டோரின் முகம் தெளிந்தது. பொதியைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவள்முன் விரித்து வைத்தான்.

"அப்போ திங்கள் காலை எட்டு மணிக்குக் கோர்ட்டு வாசல்ல நிக்கிறேன், வக்கீலோட வந்துடுங்கக்கா. தேர்தல்ல உங்ககிட்டத் தோத்தவரைப் பன்றித் திருடன்னு மைக்குல சொன்னீங்கல்ல, அந்த வழக்குதான்."