காத்து புடிச்ச கார்

பாலாநகர் தொழிற்சாலைக் குடியிருப்பில், புருஷோத்தமன் செகண்ட் ஹாண்டில் வாங்கியிருந்த பழைய டீசல் கார் அன்று காலை கிளம்ப மறுத்தது. ஆபீஸ் பஸ்ஸுக்காக நின்றிருந்த சகாக்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பானெட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக் காஜா மியான், “ஹவா பகட் லியா, சாப்” என்றார்.

என்னவாம் என்று வாசலிலிருந்து மனைவி கனகவல்லி கேட்டாள்.

“காத்து புடிச்சிருக்காம்” என்றார் புருஷோத்தமன்.

உள்ளே போனவள் தட்டில் எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்து, காரைச் சுற்றப் போனாள். பஸ் ஸ்டாப்பே சிரித்தது. புருஷோத்தமனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“டீசல் குழாயில புடிச்ச காத்துடி, பட்டிக்காடு! மானத்தை வாங்காம உள்ள போ.”

அவள் தட்டோடு திரும்பிப் போனாள். சிரித்தவர்கள் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

காஜா மியான் டீசல் குழாயின் நட்டைத் தளர்த்திக் கை பம்பை அழுத்தினார். நுரை வந்தது. காற்று போனதும் நுரை அடங்கி வெறும் டீசல் வரவேண்டும். அடங்கவில்லை. அவர் பம்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்போதும் நுரை மெல்ல உப்பியது, உள்ளே போனது, மறுபடி உப்பியது. தூங்குகிறவர் மூச்சு மாதிரி.

காஜா மியான் ஸ்பானரைக் கீழே வைத்தார். “அம்மா கோ புலாவ், சாப்” என்றார், தணிந்த குரலில்.

கனகவல்லியைக் கூப்பிடப் புருஷோத்தமன் சமையலறை வரை போனார். நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அவள் திரும்பாமலே சொன்னாள்: “பழத்த ரசத்துல புழிஞ்சிட்டேன்.”

வாசலில் கார் ஸ்டார்ட் ஆனது. சாவி புருஷோத்தமன் கையில் இருந்தது.