அவளுக்கு இருந்ததுதான்

தோளுக்கடியில் தலையணையை வைத்ததும் மகளின் கழுத்து பின்னால் வளைந்தது.

ஸ்கேன் டாக்டர் ஜெல்லைத் தடவினாள். ஜில்லென்றதும் ஆதிரை சிரித்தாள்.

"கூசுதா? கொஞ்சம் அசையாம இருக்கணும்."

பதினோரு வயதுப் பெண். போன வாரம் தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியதை அம்மா செம்பாதான் கண்டாள். எந்தக் குழந்தை தண்ணீர் குடித்தாலும் அவள் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகும். பழக்கம்.

டாக்டர் பேசிக்கொண்டேதான் கருவியை நகர்த்தினாள். எந்த ஸ்கூல், எந்த டீச்சரைப் பிடிக்கும், வீட்டில் நாய் இருக்கிறதா.

ஓரிடத்தில் கை நின்றது. பேச்சும் நின்றது.

செம்பா திரையைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டி சின்னதுதாம்மா. ஆனா உள்ள வெள்ளை வெள்ளையாப் புள்ளி தெரியுது. பெரியவங்கன்னா சில சமயம் கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்போம். குழந்தைங்களுக்கு அப்படி விடறதில்லை. ஊசி போட்டு டெஸ்ட்டுக்கு எடுத்துடலாம்."

சொல்லும்போதே டாக்டரின் பார்வை செம்பாவின் கழுத்துக்கு வந்தது. தாலிச் சங்கிலிக்கு மேலே மெல்லிய வெள்ளைக் கோடு.

"உங்களுக்குமா?"

"ஆமா டாக்டர். இவ வயசுல."

அந்த வயதில் அவளை அப்பாதான் சென்னைக்குக் கூட்டி வந்தார். அம்மா கைக்குழந்தையோடு கோவில்பட்டியிலேயே இருந்துவிட்டாள்.

அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் மேஸ்திரி. வீட்டில் அதிகம் பேச மாட்டார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அவளும் அக்காவும் பாடப் புத்தகத்தை விரித்துக்கொள்வார்கள்.

இங்கே பெரிய டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்று, கழுத்தில் விரல் வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். பிறகு ஊசி. பிறகு அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு அப்பாவிடம் மட்டும் பேசினார்.

வெளியே வந்தவர் வேறு அப்பாவாக இருந்தார்.

"செம்பா, உனக்கு என்ன வேணும்?"

அதுவரை அவர் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

அவளுக்கு மின்சார ரயிலில் போக வேண்டும்.

ரிசல்ட் வரும்வரை லாட்ஜில் தங்கி, தினமும் போனார்கள். எழும்பூரில் ஏறி பீச். பீச்சிலிருந்து தாம்பரம். தாம்பரத்திலிருந்து மறுபடி பீச். எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. ஜன்னலோரம் எப்போதும் அவளுக்கு. அப்பா வேர்க்கடலையைத் தோல் நீக்கி, ஊதி, அவள் உள்ளங்கையில் போட்டுக்கொண்டே இருப்பார். மாம்பலத்தில் கூட்டம் நெருக்கும்போது அவர் கை அவள் முன்னால் குறுக்கே நீண்டுவிடும்.

ஸ்டேஷன் பெயர்களை அவள் வரிசையாகச் சொல்வாள். அவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிச் சொல்வார். அவள் திருத்துவாள். அவர் சிரிப்பார்.

அப்பாவுக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதை அந்த ரயிலில்தான் அவள் கண்டுபிடித்தாள்.

பிறகு ஆபரேஷன். பிறகு ஊர். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அப்பா பழையபடி பேசாதவராகிவிட்டார்.

படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் ஆன பிறகும், சின்ன வயதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவளுக்கு அந்த ரயில்தான் முதலில் வரும். அதைவிடச் சந்தோஷமாக இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தோம் என்பதே மறந்துபோகும்.

ஆதிரையின் ரிசல்ட் வெள்ளிக்கிழமை வந்தது.

புற்றுதான். குழந்தைகளுக்கு வருவதில் நன்றாகக் குணமாகிற வகை என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கணவன் வண்டியை எடுக்கப் போனான். ஆதிரை வராந்தாவில் மீன்தொட்டிமுன் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா, எனக்கும் உன்ன மாதிரி கோடு வருமா?"

"வரும்."

"சரி."

மீன்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

செம்பா கொஞ்சம் தள்ளி வந்து ஊருக்குப் போன் போட்டாள். அப்பா உடனே எடுத்தார்.

"என்ன சொல்லுதாங்க தாயி?"

"எனக்கு இருந்ததுதாம்பா."

அந்தப் பக்கம் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது.

"நான் கெளம்பி வாரேன்."

"அவசரமில்லப்பா. மெதுவா வாங்க."

"வாரேன்."

வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. அவள் கேட்டுவிட்டாள்.

"அப்பா, அப்ப லாட்ஜுல ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தோமே. நீங்க தூங்குனீங்களா?"

அவர் யோசிக்கவே இல்லை.

"நீ நல்லாத் தூங்குன தாயி. அதப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுல எனக்குக் கொஞ்சம் தெம்பு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

லாட்ஜ் அறையின் மத்தியானம். மூடிய ஜன்னல். தீக்குச்சி மருந்தின் வாசம் போகாத விரல்கள் மெல்ல அவள் கழுத்துக்கு வந்தன. கட்டியின்மேல் லேசாக நின்றன. தலைமாட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்ட ஒரு ஆணின் அழுகை.

இமை அசைந்துவிடக் கூடாது என்று, அவள் மூச்சைச் சீராக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு கிடந்தாள்.

"செம்பா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்பா."

மீன்தொட்டிமுன் நிற்கும் மகளைப் பார்த்தாள்.

"ஆமாப்பா. நல்லாத் தூங்குனேன்."