கபர் மேல் மருதாணிக் கொப்பு

திருப்பாலைக்குடி காலிதா தன் ஈரலில் பாதியைத் தம்பி சுஐபுக்கு அறுத்துக் கொடுத்தவள். ஒரு வருஷம் நன்றாயிருந்தவனுக்குக் கழுத்தில் கட்டிகள் கிளம்பின. அக்கா உடம்பில் சும்மா கிடந்த வைரஸ் ஈரலோடு போயிருக்கிறது, ஈரலை உடம்பு ஒதுக்காமலிருக்கக் கொடுத்த மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கவும் நிணநீர்ப் புற்றாகிவிட்டது, யார்மேலும் குற்றமில்லை என்றார் சென்னை டாக்டர். சுஐபின் மனைவி மெஹருன்னிசா முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

“வெசத்தையில்ல குடுத்துட்டீக, மதினி!” என்றாள், சுஐபு இறந்த அன்று மையத்து வீட்டில் எல்லோர் முன்னாலும். வயிற்றைக் கிழித்துக் கொடுத்தவளுக்குக் கிடைத்த பட்டம் அது.

அந்த ஊரில் பெண்கள் மையத்தை அடக்கும் கபரஸ்தானுக்குப் போவதில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் காலிதா வலது விலாவைப் பிடித்துக்கொண்டு கணவர் ஹமீது சுல்தானிடம் சீறினாள்.

“தம்பி கபர் மேல மருதாணிக் கொப்பை நட்டது யாரு? எனக்கு வேரு குத்துது. போயிப் பிடுங்குங்க.”

அவர் போய்ப் பார்த்தார். மெஹருன்னிசா கொடுத்தனுப்பிய கொப்பு துளிர்த்திருந்தது. பிடுங்கினார். கிளறிய மண்ணைக் காலால் அமுக்கிவிட்டு வீடு திரும்பினார்.

செருப்பைக் கழற்றுமுன்பே உள்ளிருந்து காலிதா கத்தினாள்.

“பிடுங்கத்தானே சொன்னேன்? எதுக்கு மிதிச்சீக?”