சல்லடைக்குள் சிக்னல்

யானை மதன்குமாருக்குப் பின்னால் முப்பது அடியில் நின்றது. அவருக்கு அது தெரியவில்லை.

தெரிந்தவன் அவருடைய தம்பி மனோஜ்குமார். இருநூற்றைம்பது மீட்டருக்கு இந்தப் பக்கம், தன் வீட்டு மாடி அறையில், லேப்டாப் திரையை வெறித்தபடி உட்கார்ந்திருந்தான்.

காலை ஆறே கால். வாழைத்தோட்டத்தின் மேல் பனி இன்னும் விலகவில்லை. கிணற்றடியில் கம்ப்ரசர் மோட்டார் தடதடத்தது. நான்கடி தள்ளி, மதன்குமார் குனிந்து தண்ணீர்க் குழாயின் கேட்வால்வைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவர் தலைக்கு மேலே, தென்னை மட்டைகளுக்கு நடுவே கேமரா. அதற்கு சிம் கிடையாது. அது பரப்பும் வைஃபை எட்டுகிற தூரத்துக்குள் இருந்தால்தான் படம் தெரியும். லேப்டாப்பின் சொந்த வைஃபைக்குக் கேமராவின் பெயரே கண்ணில் பட்டதில்லை. நேற்றுக் கூரியரில் வந்த யூ.எஸ்.பி. அடாப்டர்தான் இரண்டு கொம்புகளையும் நீட்டிக்கொண்டு எட்டிப் பிடித்திருந்தது.

பிடித்தது ஒரே ஒரு கோடு சிக்னல்.

அதுவும் நந்திதாவின் புண்ணியம். அடாப்டரை நீள ஒயரில் மாட்டி, மாவு சலிக்கும் கம்பிச் சல்லடையின் நடுவில் டிஷ் ஆன்டெனா போல வைத்து, ஜன்னலுக்கு வெளியே கிணற்றைப் பார்க்க நீட்டிப் பிடித்திருந்தாள் அவன் மனைவி.

"போன் போடுங்க!" என்றாள்.

போட்டான். ஒரு மணி அடித்து அறுந்தது. மறுபடியும் போட்டான். மறுபடியும் அறுந்தது. அவளுடைய போனிலிருந்தும் அதே கதைதான்.

கத்தினால் கேட்காது. ஓடிப் போனால் குறுக்கே யானை. மோட்டாரைப் போனிலிருந்தே நிறுத்தலாம். ஆனால் சத்தம் பட்டென்று அடங்கினால் யானை மிரளும். அது மிரண்டு பாய்கிற வழியில் நிற்பது அண்ணன்.

மிச்சம் இருந்தது திரையின் மூலையில் ஒரு மைக் பொத்தான். அழுத்திப் பேசினால் கேமராவில் கேட்கும். சிக்னல் இருந்தால்.

படம் உறைந்தது. யானை தும்பிக்கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டது.

"கையை ஆட்டாத அம்மணி!"

"எங்கையி என்ன கொடிக்கம்பமுங்களா?"

சொல்லிக்கொண்டே நந்திதா பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே சாய்த்தாள். இரண்டாவது கோடு எழுந்தது.

படம் உயிர் பெற்றபோது முப்பது அடி பதினைந்தாகியிருந்தது. வாழைக்குள்ளிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. குட்டி கூட இருக்கிற யானைக்குப் பொறுமை கிடையாது.

மனோஜ்குமார் பொத்தானை அழுத்தினான்.

"அண்ணா… மனோஜு பேசறேன். திரும்பாதீங்க. ஓடாதீங்க. பின்னால ஆனைங்க. அப்படியே மெதுவா மோட்டார் ரூமுக்குள்ள போயிருங்க."

வால்வின் மேல் அண்ணனின் கை நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓரடி. இன்னோர் அடி. தகரக் கதவு சாத்திக்கொண்டது.

யானை அவர் நின்ற இடத்துக்கே வந்தது. அவர் தொட்ட வால்வை முகர்ந்தது. கதவைத் தடவியது. தகரம் உள்வாங்கி நெளிந்ததைத் திரையில் பார்த்தான்.

படம் மறுபடியும் உறைந்தது. ஒரு கோடு. பிறகு அதுவும் இல்லை.

"நந்திதா!"

"புடிச்சுட்டுத்தானுங்க இருக்கேன்!" அழுகிற குரல்.

பத்து விநாடி. பத்து நாள் மாதிரி. படம் திரும்பியது. குட்டி வாய்க்காலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தாய் அதைத் தள்ளிக்கொண்டு, போகிற போக்கில் இரண்டு வாழையை முறித்துவிட்டு, மலைப்பக்கம் நடந்தது.

கதவு திறந்தது.

"உசுரோட இருக்காருங்களா?" ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"இருக்காரு."

அவள் மூச்சு விட்டாள். அடுத்த கேள்வி வந்தது.

"வீடியோ பதிவாயிருச்சுங்களா?"



அந்தக் கேமராவை அவன் யானைக்காகக் கட்டவில்லை.

கிணறு இரண்டு பேருக்கும் பொது. ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. தம்பி முறையன்று மட்டும் தண்ணீர் பாதியாகத்தான் வந்து சேரும். கேட்டதில் கைகலப்பு, கேஸ். மூன்று வருடமாகப் பேச்சில்லை. மனோஜ்குமார், நந்திதா இருவரின் எண்களையும் அண்ணன் பிளாக் செய்து வைத்திருக்கிறார். அவர் திருட்டுத்தனமாகத் தன் பக்கத்து வால்வைத் திறக்கிற ஒரு வீடியோ போதும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வாய்தா திங்கட்கிழமை.

இன்று தம்பி முறை.

எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தது. கை, வால்வு, மூலையில் தேதியும் நேரமும்.

குரல் எங்கிருந்து வந்தது என்று மதன்குமார் தேடினார். அண்ணாந்தார். மட்டைகளுக்கு நடுவே கேமராவைப் பார்த்துவிட்டார். திரை முழுக்க அந்த முகம். மூன்று வருடத்தில் காதோரம் நன்றாக நரைத்திருந்தது.

குனிந்து, தான் திறந்த வால்வை அவசர அவசரமாக மூடத் தொடங்கினார்.

மனோஜ்குமார் மைக் பொத்தானை அழுத்தினான்.

"மூடாதீங்கண்ணா. இன்னைக்கு ஒருநாள் பாயட்டும்."