நகக்கண்ணில் சிவப்பு

மலை வெடித்தபோது கயோ செய்ஜியின் கையைப் பிடிக்கவில்லை.

பழக்கடையின் கண்ணாடிகள் கடகடவென்று ஆடி நின்றன. சகுராஜிமா எரிமலையின் உச்சியில் சாம்பல் குபுகுபுவென்று கிளம்பியது. அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் அண்ணாந்து பார்த்தாள்.

“ஒண்ணு,” என்றாள். உதடு வெளுத்திருந்தது.

கல்யாணம் செய்துகொண்டு தீவுக்கே வந்துவிடுகிறாயா என்று செய்ஜி கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. அவன் இங்கே பள்ளியில் கணக்கு வாத்தியார். அவள் அக்கரையில், நகரத்தில், பொய்ப்பல் செய்கிறவள். இந்தத் தீவில் தனக்கு மூன்று பயங்கள் உண்டு, மூன்றையும் ஒரே நாளில் நேருக்கு நேர் பார்த்துவிட்டு, படகு ஏறுமுன் பதில் சொல்கிறேன் என்றிருந்தாள்.

பழக்காரர் சிரித்தார்.

“ஏம்மா, மலை சத்தத்துக்கே இப்படி வெளுத்துப்போற. இவன் கொறட்டைக்கு என்ன பண்ணுவ?”

“பல்லுக்கு அச்சு எடுக்கற மாவு எங்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கு மாமா. வாயை அடைச்சிடுவேன்.”

அவர் ஒரு கை நிறைய ஆரஞ்சுகளை அள்ளிக் கொடுத்தார். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய பழங்கள். கயோ உரித்தாள். அவளுடைய கட்டைவிரல் நகக்கண்ணில் சிவப்பு ஒட்டியிருந்ததைச் செய்ஜி பார்த்தான்.

“ஒரே ஒரு வெரலுக்கு மட்டும் சாயமா?”

“பொய்ப்பல்லுக்கு ஈறு யாரு செய்யறாங்களாம்?” என்று கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள்.

கிழக்குக் கரையில் பேருந்தை விட்டு இறங்கியபோது சாம்பல் விழுந்துகொண்டிருந்தது. குடைமீது மணல் கொட்டுவது போன்ற சத்தம். கயோ குடையை மடக்கினாள். பத்து எண்ணும்வரை தலையில் வாங்கிக்கொண்டாள். பல்லிடுக்கில் நறநறவென்றது. துப்பவில்லை, விழுங்கினாள்.

“ரெண்டு. உப்பு கொஞ்சம் கம்மி.”

மூன்றாவது, எரிமலைக் குழம்பு உறைந்து கடலுக்குள் நீண்டு கிடந்த கரும்பாறை. சிறுமியாக இருந்தபோது இப்படி ஒரு பாறையில் வழுக்கி விழுந்து தாடையில் தையல் போட்டுக்கொண்டவள். செய்ஜி கையை நீட்டினான். அவள் அதை ஒதுக்கிவிட்டு, நான்கு காலில் தவழ்ந்து நுனிவரை போனாள். திரும்பும்போது காலுறை முழங்காலில் கிழிந்திருந்தது.

“மூணு. முடிஞ்சுது.”

முடியவில்லை. அவனுடையது ஒன்று பாக்கியிருந்தது. அதைப் பற்றி அவளிடம் வாயே திறந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் மனைவி ஷிஹோ இறந்தபோது அவனுக்கு இருபத்தொன்பது வயது; அதுவரை கயோவுக்குத் தெரியும். “உங்க பேரையும் இப்பவே சேத்து வெட்டிடவா?” என்று கல்லறைக் கல் செதுக்கிய தச்சர் கேட்டார். வயதானவர்கள் செய்துகொள்வது அது. இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் துணையின் பெயரையும் வெட்டி, ஆள் உயிரோடு இருக்கும்வரை அதற்குள் சிவப்பு தீட்டி வைப்பார்கள். அவரும் போனதும் சிவப்பை எடுத்துவிடுவார்கள்.

செய்ஜி தலையாட்டினான். அன்று யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

போன ஆகஸ்டில் பூ மாற்றப் போனவன் கவனித்தான். கூரை போட்ட கல்லறைதான், ஆனாலும் சாம்பலும் சாரலும் புகுந்து சிவப்பைத் தின்றுவிட்டிருந்தன. இரண்டு பெயர்களும் ஒரே நிறத்தில் இருந்தன. மறுபடி தீட்ட அவன் யாரையும் கூப்பிடவில்லை. அதுதான் சரி என்று பட்டது. அதன்பிறகு அந்தப் பக்கம் போகவும் இல்லை.

அந்தக் கல்லைக் காட்டாமல் இவளிடம் பதில் வாங்கக் கூடாது. காலையில் ஷூ கட்டும்போதே முடிவு செய்திருந்தான்.

“இன்னும் ஒரு எடம் இருக்கு. பாத்துட்டு நீ வேண்டாம்னு சொன்னாலும் சரி,” என்றான்.

கயோ முன்னால் நடந்தாள். இடப்பக்கச் சந்து என்று அவன் சொல்லுமுன்பே திரும்பியிருந்தாள்.

தகரக் கூரைகளின் கீழே கல்லறைகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் பூ இருந்தது. ஷிஹோவின் கல்லிலும் வெள்ளைச் சாமந்தி இருந்தது, வாடாமல்.

அவன் பூ வைத்து நான்கு மாதம் ஆகிறது.

செய்ஜி மெல்ல நிமிர்ந்தான். ஷிஹோவின் பெயர் கல் நிறத்திலேயே இருந்தது. அதன் பக்கத்தில் அவன் பெயர் சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் பிசிறில்லாமல், பல் செதுக்குகிற கை தீட்டிய சிவப்பு.

“புதன்கெழம லீவு போட்டு, வழி கேட்டுக்கிட்டு வந்தேன். மொதல்ல அவங்ககிட்ட சொல்லிட்டு வரலாம்னு,” என்றாள் கயோ. “வந்து பாத்தா, ஆளு உசுரோட இருக்கான், பேரு செத்துக் கெடக்குது.”

அவன் அவளுடைய கட்டைவிரலைப் பார்த்தான்.

அவள் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்தாள். முதலில் ஷிஹோவின் பெயர்மேல் படிந்த சாம்பலைத் துடைத்தாள். பிறகு அவன் பெயரை, சிவப்பில் அழுத்தாமல்.

பிறகு அதற்கும் பக்கத்தில், இன்னும் எதுவும் வெட்டப்படாத இடத்தைத் துடைத்தாள்.