தாருக்குப் போட்ட மருந்து

"உண்மையைச் சொல்லுங்க சதீசன் அண்ணன், மருந்தை ஆருக்கு வித்தீங்க?"

வதனி கேட்டதும் சதீசன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

ஆரையம்பதி வாவிக்கரை வீதிக்கு மூன்று வருடங்களுக்கு முன் தார் காய்ச்சியவன் அவன்தான். வெயிலிலும் காற்றிலும் தார் கிழடு தட்டி வெடிக்காமலிருக்க, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் வதனி ஒரு மருந்து தயாரித்திருந்தாள். பொலிமர் தாரில் அதைக் கலந்து ஒரு துண்டு, கலக்காமல் ஒரு துண்டு போட்டுப் பார்ப்பதென்று ஏற்பாடு. மருந்துத் துண்டு கள்ளுத் தவறணைக்கு முன்னால்; வெறுந் துண்டு கர்ப்பிணிகள் வரும் கிளினிக்குக்கு முன்னால்.

இன்று தவறணைத் துண்டு முதலை முதுகு மாதிரி வெடித்துக் கிடக்கிறது. கிளினிக் துண்டோ நேற்றுப் போட்டது போல் கறுத்திருக்கிறது.

"மருந்து போட்டது வெடிச்சிரிக்கி, போடாதது நல்லா இரிக்கி. மருந்தை வித்துப்போட்டு பழைய எஞ்சின் ஒயிலை ஊத்தியிருக்கிறீங்க!"

"களுதாவளைப் புள்ளையாராண, ஒரு சொட்டும் விக்கல்ல மிஸ்."

"அப்ப என்னை ஏன் தேத்தண்ணி குடிக்கப் போகச் சொன்னீங்க? தார் போட்ட அண்டைக்கு மட்டும் என்னில என்ன அக்கறை? திரும்பி வரக்குள்ள மருந்துக் கேன் வெறுமையாக் கிடந்திச்சு."

சதீசன் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் இன்னும் பொங்கியது. மூன்று வருட உழைப்பு! நாளைக்கு 'மருந்தால் பயனில்லை' என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் இவனை விடுவதாயில்லை. முறைப்பாட்டுக் கடிதம் பையில் தயாராக இருந்தது.

"இந்தக் கடிதம் போனா உங்கட வேலையும் போகும். கடைசியாக் கேக்கிறன். தவறணைத் துண்டுத் தாருக்குள்ள என்னத்தை ஊத்தினீங்க?"

"ஒண்டும் ஊத்தல்ல மிஸ்."

"அப்ப மருந்து எங்க?"

அவன் தயங்கித் தயங்கி கிளினிக் பக்கம் கையைக் காட்டினான்.

"தவறணைக்கு வாறவன் விழுந்தாலும் எழும்பிப் போயிருவான். புள்ளத்தாச்சிகள் பாவம், ஓட்டோவில குலுங்கிக் குலுங்கியெல்லோ வாறாங்க. ரோட்டு வெடிக்காது, குழி விழாது எண்டு நீங்கதானே சொன்னீங்க... அதான் முழுசையும் அந்தப் பக்கத் தாருக்குள்ள ஊத்திட்டன்."

வதனி திரும்பிப் பார்த்தாள். மூன்று வெயில்காலம் கண்டும் ஒரு வெடிப்புக்கூட விழாமல் கிடந்தது, அவளுடைய மருந்து.