பெட்டியின் எடை

அந்தமான் போகிற விமானத்தில் பெட்டி பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது என்று கேள்விப்பட்டதிலிருந்து, ஞாயிறுதோறும் குணசீலன் பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு எடை மெஷின் மேல் ஏறிவிடுவார். இருவருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. மெஷின் காட்டும் எண்ணில் அவருடைய எடை எழுபத்திரண்டைக் கழித்துச் சொல்வது மரகதத்தின் வேலை. முதல் வாரம் எண்பத்து நான்கு. "பன்னெண்டு கிலோதாங்க." அவர் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை மருந்து ஏற்றி வந்தபின் எழுபத்தெட்டு. "ஆறுதானா? அப்போ இன்னும் வை," என்றார். அவள் துண்டுகளை வைத்தாள், தன் பச்சைப் புடவையை வைத்தாள், மணலில் நடக்க அவருக்கென்று வாங்கிய புதுச் செருப்பையும் திணித்தாள். எழுபத்திரண்டை மாற்றிக் கழிக்கத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. இன்று ஜிப் மூட மறுத்த அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்து மறுபடி ஏறினார். மெஷின் எழுபத்திரண்டு காட்டியது.

"எவ்வளவு மரகதம்?"

அவரே எட்டிப் பார்த்தார்.

"பெட்டியில ஒண்ணுமே இல்ல போலிருக்கே."

"ஆமாங்க," என்றாள். "இனிமேதான் எல்லாம் வைக்கணும்."

அவர் பெட்டியைக் கட்டிலில் இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலாக இருந்த செருப்பை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உன்னோடத மட்டும் வை," என்றார்.